எவர்சில்வரைக் குடையும் பாதரசம்!

தரையில் கொட்டினால் முத்துப் போல் உருண்டோடும் பாதரசம், எவர்சில்வரில் குழி பறிக்குமா? பறிக்கிறது!

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் 2006-ம் ஆண்டு முதல் பாதரசத்தைக் கொண்டு நியூட்ரான்களை உண்டாக்கி வருகிறார்கள். நியூட்ரான் என்பது அணுவின் கருவுக்குள் இருக்கும் துகள். அதைப் பாய்ச்சினால் மருந்து, பாட்டரி, உலோகம் ஆகியவற்றின் உள் அமைப்பு தெரியும்.

வினாடிக்கு 60 அடி!

எவர்சில்வர் கலத்துக்குள் பாதரசம் ஓடிக்கொண்டே இருக்கும். புரோட்டான் என்னும் துகள்கள் வினாடிக்கு 60 தடவை அதில் வந்து மோதும். உடனே பாதரச அணுக்களில் இருந்து நியூட்ரான்கள் சிதறும்.

ஒவ்வோர் அடிக்கும் பாதரசம் திடீரென்று சூடாகிறது. உள்ளே அதிர்ச்சி அலை எழுகிறது. அதனால் சிறு குமிழிகள் தோன்றி, சுவர் ஓரத்தில் சட்டென்று உடைகின்றன. அந்த வேகத்தில் எவர்சில்வரில் குழி விழுகிறது. கப்பலின் விசிறி தண்ணீரில் அரிபடுவதும் இப்படித்தான்.

உள்சுவர் கசிந்தாலும் வெளி உறை பாதரசத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வேலை நின்றுவிடும். கதிர்வீச்சு இருப்பதால் யாரும் கிட்டே போக முடியாது. இயந்திரக் கைகளால்தான் கலத்தை மாற்ற வேண்டும். முறைக்காகக் காத்திருந்த விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி தள்ளிப்போகும்.

கனம் கூட்டினால் போதாதா?

"சுவரைக் கனமாக்கினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். கனமான சுவரில் சூடு அதிகம் தங்கும். அந்தச் சூடே விரிசலுக்கு வழி செய்துவிடும்!

ஓக் ரிட்ஜ் நிபுணர்கள் வேறு வழியில் போனார்கள். ஓய்ந்த கலத்தின் முனையில் வட்டத் துண்டுகளை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். குழி எங்கே ஆழம் என்று கண்டார்கள். பாதரசம் ஓடும் பாதையை மாற்றினார்கள். 2017-ம் ஆண்டு முதல் பாதரசத்தில் ஹீலியம் வாயுவைச் சிறு குமிழிகளாகக் கலந்தார்கள். அவை மெத்தை போல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. ஜப்பானில் டோக்காய் என்ற ஊரிலும் இந்த முறை உண்டு.

இதுவே சரியான வழி. சக்தியைக் கூட்டினால் நியூட்ரான் பெருகும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் பழைய கலத்தை வெட்டிப் பார்த்த பிறகே அடுத்த படி ஏற வேண்டும்.

குறித்த நாள் வந்ததும், கசியாத கலத்தையும் கழற்றிவிட வேண்டும். அது வீண் செலவு போலத் தோன்றும். திடீரென்று கசிந்து, எல்லோரும் கைகட்டி நிற்கும் நாட்களே உண்மையில் வீண்!