குறட்டைக்குச் சாட்சி யார்?

குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. பகலெல்லாம் உழைத்தவர் இரவில் குறட்டை விட்டால் வீட்டார் திருப்தியடைவர். தொல்லை மிகுந்தால் நகைப்பர். சத்தம் திடீரென்று நின்று, சில விநாடிகள் நிசப்தம் நிலவி, பின்னர்ப் பெருந்திணறலோடு மூச்சு திரும்பும்போதுகூட அதனை ஒரு நோயின் குறியாகக் கருதுவோர் மிகச் சிலரே. உண்மையில், குறட்டையைவிட அஞ்சத்தக்கது அந்த நிசப்தந்தான்.

டாக்டர்கள் இதனை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்பர். உறக்கச் சுவாசத் தடை என்று நாம் கூறலாம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. பாதை இயற்கையிலேயே குறுகலாக இருப்பின், நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்சாய்ந்து அதனை அடைத்துவிடுகின்றன. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டேயிருக்கும். காற்று மட்டும் உட்செல்லாது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை முடுக்க, பாதை திறக்கிறது. மூளை சுவாசிக்கும் கட்டளையையே அனுப்பாதுவிடும் வகையும் ஒன்றுண்டு. அதில் மார்பின் அசைவே இராது. இதய பலவீனமுடையோரிடமும், அபினி இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகளை உட்கொள்வோரிடமும் அது காணப்படும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. எனினும், பெரும்பாலோருக்கு வருவது அடைப்பினால் உண்டாகும் முதல் வகையே.

காற்றோட்டம் 10 விநாடிகளோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு தடை. இத்தகைய தடைகளும், காற்று பெரிதும் குறையும் நிகழ்ச்சிகளும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரை ஏற்படின் நோய் லேசானது. 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 முறை என்பது, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கழுத்து நெரிக்கப்பட்டு விடுபடுவதை ஒக்கும்.

ஆயினும், இத்தனை விழிப்புகளில் ஒன்றேனும் உறங்குபவரின் நினைவில் நிற்பதில்லை. ஆகவே, அவர் டாக்டரிடம் முறையிடுவன வேறு: காலைத் தலைவலி, நாவறட்சி, இரவில் பன்முறை சிறுநீர் கழிக்க எழுதல், மறதி, சிடுசிடுப்பு, மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை கிடைத்துவிடுகிறது. இரவெல்லாம் அருகிலிருந்து கண்ட மனைவியையோ தாயையோ ஒரு வார்த்தை கேட்பவர் இல்லை. நோயாளி சாட்சி சொல்ல இயலாத நோயில், சாட்சியை வாசலிலேயே நிறுத்திவைப்பது என்ன வைத்தியமுறை?

மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடையே நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆராய்ச்சியில், நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் பகல் உறக்கத்தோடு கூடிய இந்நோயுடையவராகக் காணப்பட்டனர். பருத்தவர்க்கே இது வரும் என்பது பாதி உண்மை. தாடை சிறுத்தவர்க்கும் கழுத்து தடித்தவர்க்கும் அதிகப் பருமனின்றியே வரும். பெண்களிடம் மாதவிடாய் நின்றபின் மிகும். அவர்கள் குறட்டையைச் சொல்ல நாணி, அயர்ச்சியென்றும் உறக்கமின்மையென்றுமே கூறுவர்.

முப்பது வயது கடந்தோரின் இடுப்புச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும் குறிக்க வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர், இன்னும் இரண்டு கேள்விகளை வீட்டாரிடம் கேட்பது பெரும் சுமையாகாது. குறட்டை அடுத்த அறைவரை கேட்கிறதா? மூச்சு நின்று திணறியதை யாரேனும் கண்டதுண்டா? ‘கேட்டபின் எங்கே அனுப்புவது? பரிசோதனைச் சாலைகள் பெருநகரங்களில்தாமே உள்ளன’ என்ற ஆட்சேபம் நியாயமானதே. மூளை அலை, கண்ணசைவு, சுவாசம், இதயத் துடிப்பு யாவற்றையும் இரவு முழுவதும் பதிவு செய்யும் முழுப் பரிசோதனைக்கு அவை தேவை. ஆனால், நோய் பற்றிய சந்தேகம் வலுவாகவும், இதயத்திலோ நுரையீரலிலோ வேறு பெருநோய் இல்லாமலும் உள்ள வயதுவந்தோருக்கு, வீட்டிலேயே அணிந்துறங்கும் சிறு கருவி போதும். மாவட்ட ஆஸ்பத்திரிதோறும் அத்தகைய கருவிகள் சில இருக்குமாயின் இந்த ஆட்சேபம் பெரும்பாலும் மறையும். 2020இல் பலருக்கும் பழக்கமான விரல்நுனி ஆக்ஸிமீட்டர் பகலில் 98 காட்டுவதை நம்பி எவரையும் திருப்பியனுப்பலாகாது. விழித்திருக்கும்போது அந்த எண் சரியாகவே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இந்நோய் வேறு வேஷம் பூணுகிறது. தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறத்து அடினாய்டுச் சதையும் வீங்கிய குழந்தை தூங்கி வழிவதைவிட, ஓரிடத்தில் நில்லாமல் துருதுருப்பதே அதிகம். வாயால் மூச்சு விடும்; பாடத்தில் மனம் செல்லாது; படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றிருந்து மீண்டும் தொடங்கலாம். குழந்தைக்கு மணிக்கு ஒரு தடை ஏற்படுவதே அசாதாரணம். அடங்காத பிள்ளை என்று பெஞ்சின்மேல் நிறுத்துமுன், அதன் தாயை அழைத்து இரவில் மூச்சு எப்படியிருக்கிறது என்று ஆசிரியர் விசாரிக்க வேண்டும். காது மூக்குத் தொண்டை டாக்டர் அச்சதைகளை அகற்றியபின் பெரும்பாலான குழந்தைகள் நலம் பெறுகின்றனர்.

வயதுவந்தோர்க்குப் பரிகாரம் எளிதன்று. ஒரு காலத்தில் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாயிருந்தது. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், மூக்கின் வழியே மிதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை. எடை குறைத்தலும், இரவில் மது அருந்தாமையும், சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தலும் துணைசெய்யும். முகமூடியை ஒவ்வோர் இரவும் அணிய வேண்டும் என்பதே சங்கடம். பலர் ஒரு மாதத்தில் அதைப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். அவர்களை மீண்டும் சென்று பார்ப்பதும் பணியாளரின் வேலையே.

லாரியும் பஸ்ஸும் ஓட்டுவோரின் நிலை தனி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சில விநாடி கண்ணயர்பவருக்கு இந்நோய் இருக்கலாம். ஆனால், சொன்னால் வேலை போகும் என்று அவர் மறைக்கிறார். பரிசோதனையைத் தண்டனையாக அன்றிச் சிகிச்சையின் வாயிலாக நிர்வாகங்கள் அமைத்து, முகமூடியை ஒழுங்காக அணிந்து பகல் உறக்கம் நீங்கியவரை மீண்டும் வண்டியில் அமர்த்துவதாக முன்கூட்டியே உறுதியளித்தாலன்றி, அவர் மனைவியும் வாய் திறக்கமாட்டாள்.