கூலியில்லாக் காவல்

பொதுப்பணிக்கு ஊதியம் கேட்பது இழுக்கு என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வாசிகசாலைச் செயலாளரும் தமிழ்ச் சங்கப் பொருளாளரும் கைப்பணம் செலவிட்டே காரியம் பார்ப்பர்; ஆண்டுவிழாவில் ஒரு மாலை சூட்டுவதோடு நம் கடன் தீர்ந்துவிடும். இவ்வழக்கத்தை இணையத்திலும் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அங்கே இது நெடுங்காலம் செல்லாது என்பது என் துணிபு.

தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டிலே தோன்றிய இக்கலைக்களஞ்சியத்தை முன்னின்று வளர்த்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். வளைகுடா நாட்டிலே கட்டடக் கலைஞராகத் தொழில் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. எழுதுவோரின் புகழ் இவ்வாறு ஓரளவேனும் வெளிப்படுகின்றது. காவல் செய்வோரை எவர் அறிவார்? நிருவாகிகள் எனப்படும் அவர்களைப் பயனர்களே தெரிவு செய்கின்றனர். விஷமிகள் சிதைத்த பக்கத்தை மீட்பதும், பிறர் நூலிலிருந்து அப்படியே பெயர்த்தெடுத்ததை நீக்குவதும், ஒரே பொருள்பற்றி இருவர் எழுதியதை இணைப்பதும், சாதிப் பெருமைக்காக மல்லுக்கு நிற்போரைத் தடுப்பதும் அவர்கள் வேலை. யாவும் வேதனமின்றி.

பணம் புகுந்தால் கேடும் புகும் என்பார் கைவசம் ஒரு சான்று உண்டு. 2009ஆம் ஆண்டளவில் கூகிள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் சேர்ப்பித்தது. கட்டுரைகள் பெருகின, தமிழ்தான் தமிழாக இல்லை. வங்காளத்தார் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ்த் தொண்டர்களோ குறைகளை எடுத்துரைத்து, நிபந்தனை விதித்துத் திருத்த முயன்றனர். 2010இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் இது பற்றிய ஆய்வுரையைச் சமர்ப்பித்தனர். ஆனால் இக்கதையில் எனக்குப் படுவது வேறொன்று. கூலி பெற்றவர் குவித்தார். கூலி பெறாதவர் களை பிடுங்கினார். பணம் வந்ததன்று பிழை, போக வேண்டிய இடத்துக்குப் போகாததே பிழை.

அமெரிக்கா ஒன்லைன் என்ற நிறுவனத்தின் உரையாடல் அரங்குகளைக் காத்த தொண்டர்கள், தங்கள் உழைப்பு வேலையே எனக் கூறி 1999இல் வழக்குத் தொடுத்தனர். 2010இல் ஒன்றரைக் கோடி டொலரில் அது சமரசமாயிற்று. இலாபம் ஈட்டும் நிறுவனம் இலவசக் காவல் கேட்பது வெறும் சுரண்டலே. அதுபற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. விக்கிப்பீடியா விளம்பரமும் இலாபமும் இல்லாதது. ஆயினும் அதனை நடத்தும் அறக்கட்டளைக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடி டொலருக்கு மேல் வருமானம் உண்டு. நூற்றுக்கணக்கான ஊழியர் அங்கே சம்பளம் பெறுகின்றனர்.

இலவசக் காவலுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு எல்லார்க்கும் இல்லை. மாலையில் தனிவகுப்பு எடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியை எந்நேரத்தில் நிருவாகியாவார்? நம் மலையகத் தோட்டங்களுக்கு ஏட்டிலே ஓர் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வாயிலே வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்குவதை அறிவோம். அப்பெயர் குறித்து நாளை ஒரு தகராறு எழுந்தால், லயத்தை அறியாத ஒருவரே தீர்ப்புக் கூற நேரும். எவருக்கு ஓய்வு உண்டோ அவர் அறிந்ததே காக்கப்படும்.

தொண்டுக்குக் கூலியா என்று முகம் சுளிப்பவர்கள் நான் வாழும் அம்பிட்டியவுக்கு வரலாம். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் நிறுவிய குருமடம் 1955இல் புனே நகருக்குப் பெயர்ந்தபின், இங்கே தேசிய குருமடம் நடைபெறுகின்றது. இங்கு பயின்று குருவாகிறவருக்கு உணவும் உறையுளும் திருச்சபை அளிக்கின்றது. அதனால் அவருடைய பணி தொண்டல்லாமற் போய்விட்டதா?

ஆகவே ஊதியம் வேண்டும் என்கிறேன். அதைப் பெறுபவரைத் தமிழ் விக்கிப்பீடியரே வாக்களித்துத் தெரிவு செய்யட்டும். தவணை ஓராண்டாக இருக்கட்டும். திருத்திய பக்கங்களை எண்ணிக் கொடுக்கலாகாது. எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கைதான் வளரும். நீக்கலாமா வைக்கலாமா என்ற வாக்கெடுப்பில் ஊதியம் பெறுவோருக்கு அத்தவணையில் வாக்கு இருத்தலாகாது. மற்றவர் முடிவை நிறைவேற்றும் அலுப்பான உழைப்பே அவருடையது. கணக்கு அத்தளத்திலேயே யாவரும் காண வெளியாகட்டும். முதலில் ஒருவர் போதும். அவர் மலையகத்தவராக அமைவாராயின் எனக்கு மெத்த மகிழ்ச்சி.