பூச்சியைப் பார்த்ததும் தெளிப்பானைத் தூக்காதீர்கள்

தை தெப்பம் முடிந்து எலுமிச்சையும் கறிவேப்பிலையும் தளிர்விடும்போது, வண்டியூர்ப் பக்கத் தோட்டங்களில் கருப்பில் மஞ்சள் திட்டுகள் கொண்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி சுற்றத் தொடங்கும். அதைக் கண்டதுமே பலர் தெளிப்பானைத் தூக்கிவிடுகிறார்கள். பறக்கும் பூச்சி இலையைத் தின்பதில்லை; தேன்தான் குடிக்கும். அது உட்கார்ந்துபோன தளிரைப் பாருங்கள். இளமஞ்சள் முட்டைகள் தனித்தனியாக ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் வரும் இளம்புழு பறவை எச்சம்போலவே இருக்கும் (நானும் ஏமாந்ததுண்டு). வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு மறைந்துவிடும்.

வளர்ந்த மரம் இதைத் தாங்கும். நாற்றங்காலும் இளங்கன்றும் தாங்காது. அங்கே முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கி அழித்தாலே போதும். கறிவேப்பிலையில் இன்னும் கவனம் வேண்டும். மருந்தடித்த அதே இலைதான் சில நாளில் யார் வீட்டுத் தாளிப்பிலோ விழுகிறது. தோட்டக்கலை அலுவலர்கள் அடுத்த களப்பயணத்தில் விவசாயிகளுக்கு அந்த எச்சப்புழுவை இலையோடு காட்ட வேண்டும்.