அத்திவரதரைத் தாங்கிய ஊர் வணிக வளாகத்தைத் தாங்காதா?

காஞ்சிபுரத்தில் பெரிய கட்டடம் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் போதும், டீக்கடைப் பெஞ்சிலேயே பதில் தயாராக இருக்கிறது: "ஒரு கோடி பேர் அத்திவரதரைப் பார்த்துவிட்டுப் போன ஊர் இது. கீழே ஜவுளிக்கடை, மேலே ஓட்டல், அதற்கு மேலே ஆபீஸ் என்று ஒரு வளாகம் வந்தால் மட்டும் ஊர் நின்றுவிடுமா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்குத் துணையாக இன்னும் நான்கு வாதங்களும் வருகின்றன. ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். கட்டி முடித்த கட்டடத்தை எந்த ஆய்வும் நகர்த்தி வைக்காது.

1. "அத்திவரதரையே சமாளித்தோம்."

சமாளித்தோம், உண்மை. எப்படி என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அத்திவரதர் வைபவம் நடந்த 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வெளியூர் வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன. தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, அங்கிருந்து வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் சிற்றுந்துகள் விட்டார்கள். ஆயிரக்கணக்கான போலீசார் தெருவில் நின்றார்கள். கடைசி நாட்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அத்தனை செய்தும் நெரிசலில் உயிர்களும் போயின. வாகனங்களை வெளியே தடுத்ததால்தான் ஊர் அந்தக் கூட்டத்தைத் தாங்கியது. வளாகம் செய்யப்போவது அதற்கு நேர் எதிரான வேலை. காரையும் வேனையும் நகரின் நடுவுக்கே அழைத்து வரும். அத்திவரதர் கோயில் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். வளாகம் தினமும் காலையில் திறக்கும்.

2. "அடித்தளத்தில் பார்க்கிங் கட்டுகிறார்கள். தெருவுக்குத் தொல்லை இல்லை."

பார்க்கிங் என்பது நிற்கும் வண்டிக்கான கணக்கு. நெரிசல் ஓடும் வண்டியின் கணக்கு. வாசலில் ஒரு காருக்குச் சீட்டுக் கொடுத்து உள்ளே விட 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 240 கார்தான் நுழைய முடியும். அதற்கு மேல் வருவது தெருவில் காத்து நிற்கும். பத்து கார் நின்றால் ஏறக்குறைய அறுபது மீட்டர் வரிசை. காந்தி சாலையில் அறுபது மீட்டர் என்றால் பல கடை வாசல்கள் அடைபடும், பின்னால் வரும் பஸ் நிற்கும். கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பம் பெரும்பாலும் வேனில் வருகிறது. அந்த வேன் அடித்தளச் சரிவில் இறங்குமா என்று யாரும் கேட்பதில்லை. இறங்காவிட்டால் அது ராஜ வீதிகளில்தான் இடம் தேடிச் சுற்றும்.

3. "வண்டிகளை எண்ணிப் பார்த்தாயிற்று, சாலை தாங்கும்."

எந்த நாளில் எண்ணினார்கள்? சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் எண்ணினால் சாலை தாங்கத்தான் செய்யும். இந்த ஊரின் உச்ச நேரம் ஆபீஸ் விடும் நேரம் அல்ல. முகூர்த்தங்கள் நெருங்கும் சனி, ஞாயிறு. ஆடி வெள்ளியில் காமாட்சியம்மன் கோயில். வைகாசி கருடசேவையன்று வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சி வரை வந்து திரும்பும் காலை. இந்த நாட்களை விட்டுவிட்டு எடுத்த சராசரிக்குக் காஞ்சிபுரத்தில் அர்த்தமில்லை.

எதை எண்ணினார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்தியச் சாலை காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு நெறிமுறை (ஐ.ஆர்.சி. 106) ஒவ்வொரு வண்டியையும் கார் அலகாக மாற்றச் சொல்கிறது. பஸ், லாரி மொத்தத்தில் 5 சதவீதம் என்றால் ஒன்றுக்கு 2.2 அலகு, 10 சதவீதத்தைத் தொட்டால் 3.7. ஆட்டோ 1.2 முதல் 2 வரை, கைவண்டி 2 முதல் 3 வரை. இரு திசையிலும் வண்டி ஓடும் இரண்டு தடச் சேகரிப்புச் சாலைக்கு (சிறு தெருக்களைப் பெரிய சாலையோடு இணைப்பது) மணிக்கு 900 அலகு என்பதே அதன் அளவு. நகரின் நடுவிலேயே பேருந்து நிலையம் இருக்கும் ஊரில் பஸ்ஸுக்கு எந்த எண்ணைப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தே விடை மாறிவிடும்.

கார் அலகுக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் போனால் தெரு நெடுகப் பாவு நீட்டியிருப்பதைப் பார்க்கலாம். மூன்று சேலைக்கான பட்டு இழை முழு நீளத்துக்கு விறைப்பாக நிற்கும். இருபுறமும் ஆட்கள் நின்று கஞ்சி தோய்த்து, அறுந்த இழையை விரலால் முடிந்துகொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். நெசவாளிக்குத் தெரு என்பது தறிக்கூடத்தின் நீட்சி. பெரிய சாலை அடைபட்டால் வண்டிகள் முதலில் புகுவது இந்தத் தெருக்களில்தான். எந்த அட்டவணையில் பாவுக்கு அலகு இருக்கிறது?

4. "எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் பயணம் குறையும்."

கலப்புப் பயன்பாட்டு வளாகங்களுக்காகச் சொல்லப்படும் வாதம் இது. மேலே குடியிருப்பவர் கீழே வேலை பார்த்து, அங்கேயே சாமானும் வாங்கினால் பயணம் குறையும் என்பது சரிதான். அமெரிக்கக் கையேடுகளில் இதற்காகப் பயண எண்ணிக்கையைக் குறைத்துப் போடும் கழிவுக் கணக்கே உண்டு. அது அங்குள்ள, கார் வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து எழுதியது. காஞ்சிபுரத்து வளாகத்துக்கு வருகிறவர் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிறார். புடவை எடுத்து, சாப்பிட்டு, காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஓட்டலும் கடையும் ஒரே இடத்தில் இருந்தால் அவர் ஊருக்குள் தங்கும் நேரம் கூடும், அவருடைய வண்டி இடத்தை அடைத்து நிற்கும் நேரமும் கூடும். கழிவு எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் காகிதத்தில்தான் நெரிசல் குறையும்.

5. "இந்த ஒரு கட்டடத்தால் என்ன ஆகிவிடும்?"

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் கட்டடம்தான் முன் அனுமதிக்குப் போக வேண்டும். அந்த விண்ணப்பம் பார்க்கிங் பற்றாக்குறை வருமா, நுழைவாயிலில் போக்குவரத்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்கிறது. அதற்குக் கீழே நிற்கும் கட்டடத்துக்கு அங்கே அந்தக் கேள்வியே இல்லை. சிறிது சிறிதாகப் பத்துக் கட்டடம் வந்தால் பத்தின் சுமையும் ஒரே சாலையில்தான் விழும். சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு ஒரே கட்டடத்தால் அப்படி ஆகவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் ஆனது. 2011இல் விதிமீறல் என்று அங்கே கடைகளுக்குச் சீல் வைக்க வேண்டிய நிலை வந்தது.

நான் வளாகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையில் புடவை விற்றால்தான் தறியில் அடுத்த பாவு ஏறும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. வேன்களை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டுச் சிற்றுந்தில் ஆட்களை அழைத்து வரும் முறையை 2019இல் நாமே செய்து பார்த்துவிட்டோம். அத்திவரதர் அனுபவம் நமக்குத் தந்த பாடம் அதுதான்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை மூன்று. முகூர்த்தம் நெருங்கும் சனிக்கிழமையிலும் கருடசேவை நாளிலும் எண்ணுங்கள். அனுமதி பெற்று இன்னும் கட்டாத கட்டடங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, அனுமதி கொடுப்பதற்கு முன்பே வார்டு வார்டாக ஒட்டி வையுங்கள். அதைப் படித்துப் பார்க்கப் பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கும் உரிமை உண்டு.