சூரியத் தகடுகள்: பொருத்துவதற்கு மானியம், அகற்றுவதற்கு யார்?

புதுதில்லி: ஆந்திர அரசியலில் ஊழல் புகார்கள் முற்றும்போதெல்லாம், "காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்ற சவால் எழுவது வாடிக்கை. சித்தூர் மாவட்டத்தின் அந்த விநாயகர் சன்னதியில் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது மக்களின் நம்பிக்கை. சூரிய மின்தகடுகளின் கழிவு விஷயத்தில் மத்திய அரசும் ஏறக்குறைய இப்படியொரு நம்பிக்கையில்தான் இருக்கிறது.

2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் சூரியத் தகடுகளுக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. கழிவுத் தகடுகளை உற்பத்தியாளர்கள் 2034-35 வரை சேமித்து வைக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால், தொலைக்காட்சிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் விதிக்கப்பட்ட மறுசுழற்சி இலக்கு, தகடுகளுக்கு இல்லை. தன்னிடம் வந்து சேர்ந்த கழிவுக்குத்தான் உற்பத்தியாளர் கணக்குக் காட்டுவார். வராத கழிவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

அதே சித்தூர் மாவட்டத்தின் குப்பம் தொகுதியில், முழுக் கிராமத்துக்கும் கூரைச் சூரிய மின்சாரம் வழங்கும் திட்டத்தை நடிமூருவில் 2025 ஜனவரியில் முதல்வர் சந்திரபாபு நாயுடு தொடங்கி வைத்தார். ஒரு கோடி வீடுகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு ரூ. 78 ஆயிரம் வரை மானியம் கிடைக்கிறது. காற்றிலோ கல்மழையிலோ தகடு உடைந்தால் அதை எங்கே ஒப்படைப்பது என்பதுதான் கிராமத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பழைய இரும்புக் கடைக்காரர் அலுமினியச் சட்டத்தையும் செம்புக் கம்பியையும் எடுத்துக்கொள்வார். எடையில் முக்கால் பங்கான கண்ணாடி, பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டிக் கிடப்பதால் அதற்கு விலையில்லை. உள்ளே இருக்கும் வெள்ளியைப் பிரிக்க ஆலை வேண்டும். பற்றவைப்பில் உள்ள ஈயமோ மண்ணில் இறங்கும்.

இது சிறிய கழிவு அல்ல. 2022-23 வரை நிறுவப்பட்ட தகடுகளிலிருந்து மட்டும் 2030-க்குள் 3.4 லட்சம் டன் கழிவு சேரும் என்று, எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் கவுன்சில் 2024-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரு பங்கு ஐந்து மாநிலங்களில் சேரும். ஆந்திரமும் தமிழகமும் அவற்றில் அடங்கும்.

இதற்கிடையே புதிய வகைகளும் வருகின்றன. 1991-இல் சுவிட்சர்லாந்தின் லாசான் நகரில் கிராட்சல், ஓரீகன் ஆகிய இருவரும் வெளியிட்ட, சாயத்தால் ஒளியை ஈர்க்கும் சூரிய மின்கலம் அவற்றில் ஒன்று. சிலிக்கனைப் போல் கடும் வெப்பத்தில் தயாரிக்க வேண்டியதில்லை என்பதால் இது பசுமையானது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பல வடிவங்களில் ருத்தீனியம் சாயம், பிளாட்டினம் பூச்சு, கசியக்கூடிய அயோடின் கரைசல் ஆகியவை உள்ளன. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய ஆய்வுக்கூடம் அறை வெளிச்சத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்காக இதை மேம்படுத்தி வருகிறது. கூரைத் தகட்டையே திரும்பப் பெற வழியில்லாதபோது, கைக்கடங்கும் கருவியில் ஒளிந்திருக்கும் மின்கலத்தை யார் தேடிப் பிடிப்பது?

வழி தெரியாமல் இல்லை. பழைய ஈய பேட்டரியை விற்பனையாளரே திரும்பப் பெற வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளே கூறின. பேட்டரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பதி வட்டாரத்துக்கு இது புதிதல்ல. அங்கே ஈயத்துக்கு விலை இருந்ததால் பொருள் தானாகவே திரும்பியது. கண்ணாடிக்கு அந்த ஈர்ப்பு இல்லை. அரசுதான் விலை வைக்க வேண்டும். மானியம் பெறும் ஒவ்வொரு வீடும் தேசிய இணையதளத்தில் பதிவாகிறது. விற்கும்போதே திரும்பப் பெறும் செலவை வைப்புத்தொகையாகப் பிடித்து, அதை அந்தப் பதிவோடு இணைக்க 2034 வரை காத்திருக்கத் தேவையில்லை.