சுளுக்கு என்று நினைத்தோம்

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கால்வலிக் கட்டுரை செருப்பு, உடல் எடை, சுளுக்கு என்பதோடு நின்றுவிட்டது. விடுபட்டது ஒன்றுண்டு.

என் மகனுக்கு 16 வயதில் கணுக்கால் வலி வந்தது. கபடி ஆடுகிற பையன். சுளுக்கென்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். எண்ணெயும் கட்டுமாக எட்டு மாதம் போயிற்று. எக்ஸ்-ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. பகலில் நன்றாக இருப்பான். நள்ளிரவில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவான். வலி மாத்திரை போட்டால் தூங்கிவிடுவான். இதைக் காதுகொடுத்துக் கேட்ட ஓர் எலும்பு மருத்துவர்தான் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கணுக்கால் எலும்பில் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற மிளகளவு கட்டி!

கட்டி என்றதும் வீட்டில் அழுகை. ஆனால் இது புற்றுநோயல்ல. 1935இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஜாஃபே இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். பெரும்பாலும் இளவயதில் வரும், 1.5 செ.மீ.க்கு மேல் வளர்வது அரிது. கட்டியில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வலியைத் தூண்டுவதால்தான், அதைத் தடுக்கும் வலி மாத்திரைக்கு அடங்குகிறது. ஊசி வழியே வெப்பம் செலுத்திக் கருக்கினார்கள், மறுநாளே நடந்தான்.

‘இரவில் வலிக்கிறதா, மாத்திரைக்கு அடங்குகிறதா’ என்ற இரு கேள்விகளை அடுத்த கட்டுரையில் சேர்த்து வெளியிடுங்கள்.

ஒரு வாசகி,
ஒட்டன்சத்திரம்.