படலையில் நிற்கும் புரதம்

புரதம் என்றதும் மீனும் பருப்பும் முட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நம் உடலின் கலங்களுட் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய புரதங்களைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அவற்றுள் ஹெர்-2 என்பது மார்புப் புற்றுநோயின் போக்கையே மாற்ற வல்லது.

மடத்துவெளியில் ஒரு வளவை எண்ணிப் பார்ப்போம். வெளியே வந்தவர் சொல்வதைக் கேட்டு வீட்டினுள் அறிவிக்கப் படலையில் ஒருவர் நிற்கிறார். கலத்தின் மேற்புறத்தில் நிற்கும் ஹெர்-2 அத்தகையது. ‘வளர்க, பெருகுக’ என்னும் செய்தியை உள்ளே அனுப்புவது அதன் பணி. அளவோடிருப்பின் தீங்கில்லை. ஆனால், மார்புப் புற்றுநோய்களுள் 100க்கு 15 முதல் 20 வரையானவற்றில் இப்புரதம் அளவுமீறிப் பெருகிவிடுகிறது. அதற்குரிய பரம்பரையலகு பன்மடங்காவதே பெரும்பாலும் காரணம். படலை நிறைந்த கூட்டம், வெளியே எவரும் அழையாதபோதும், தமக்குள் இணைந்து ஓயாது குரல் கொடுக்கிறது. கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுகின்றன. அயற்கலங்களின் பிடியினின்று நழுவுகின்றன. நிணநீர் வழியே அக்குளுக்கும், குருதி வழியே எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்கும் பரவுகின்றன.

இப்புரதத்தின் எலி வடிவத்தை 1982இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் இனங்கண்ட குழுவில் முன்னின்றவர் லட்சுமி சரண் பாடி என்னும் இந்திய விஞ்ஞானி. பரம்பரையலகு பெருகியோருக்கு நோய் விரைவில் மீள்வதை 1987இல் டெனிஸ் சிலேமன் குழுவினர் காட்டினர். தீய குறியாகத் தோன்றிய அதே புரதம் மருந்துக்குப் பிடியாயிற்று. அதனைப் பற்றி அதன் குரலை அடக்கும் டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்ப நிலையிலேயே பிற மருந்துகளோடு இதனையும் கொடுத்தால் நோய் மீளும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைவதை 2005இல் வெளியான ஆய்வுகள் உணர்த்தின.

ஆனால், இம்மருந்து ஹெர்-2 மிகுந்த நோய்க்கே உரியது. கட்டியின் இழையத்தைச் சோதித்தாலன்றி அதனை அறிய இயலாது. மார்பில் தோன்றும் கட்டிகளுட் பல புற்றல்ல. எனினும், தடவிப் பார்த்து எவரும் தீர்ப்புக் கூறலாகாது. ஆகவே, வெட்கத்தாலோ அச்சத்தாலோ கட்டியை மறைத்தல் தகாது.

மடத்துவெளியிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றால், அதற்கு வடக்கே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011இல் இலங்கையின் தென்முனைக்கும் வடமுனைக்குமிடையே நடந்து மக்கள் திரட்டிய நிதி அதன் ஆக்கத்துக்கு உதவியது. அவர்கள் அத்துணைத் தூரம் நடந்தனர். நம் வீட்டுப் பெண்களுக்கு வழித்துணையாகச் செல்லக் கணவன்மாரும் பிள்ளைகளும் சுணங்கலாமோ?